பிள்ளை எந்தப் பக்கம் உட்காரும்?



சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில் நான் ஊழியம் செய்துகொண்டிருந்த காலம். ஓய்வுநாள் பள்ளி முடிந்து பிள்ளைகள் வரிசையாக ஆலயத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு சிறுமி மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏன் நிற்கிறாய், உள்ளே போம்மா" என்றேன். "ஐயா, நான் எந்தப் பக்கம் உட்காரணும்?" என்று கேட்டாள். அந்த ஆலயத்தில் ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் மறுபுறமும் அமரும் வழக்கம் நின்று வெகுகாலம் ஆயிற்று. குடும்பம் குடும்பமாகவே அமர்வார்கள். அவளுடைய தகப்பனார் வீட்டார் பிரசங்க பீடத்துக்கு வலப்புறமும், தாயார் வீட்டார் இடப்புறமும் தனித்தனியே அமரத் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது. நான் அங்கி அணிந்து அவசரத்தில் இருந்தேன். "யாரோடு வந்தாயோ அவர்களோடு உட்கார், மகளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

காலையில் அவளைக் கொண்டுவந்து விட்டவர் தாயார். ஆராதனைக்குப் பின் அழைத்துப்போக வேண்டியவர் தகப்பனார். ஆகையால் நான் சொன்ன பதில் அவளுக்கு ஒன்றுக்கும் உதவாத பதில்.

இரண்டு மாதங்கள் கழித்து அவள் பிள்ளைகள் பாடகர் குழுவில் சேர்ந்தாள். அவளுக்குப் பாட்டில் அத்தனை நாட்டமில்லை என்று பாடகர் குழுத் தலைவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் குழுவின் பெஞ்சு பீடத்தை ஒட்டி, வலப்புறத்தையும் சேராமல் இடப்புறத்தையும் சேராமல் போடப்பட்டிருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. பெரியவர்களாகிய நாங்கள் தீர்த்துவைக்காததை அந்தப் பிள்ளை தானே தீர்த்துக்கொண்டாள்.

(அந்தக் குடும்பத்தார் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். கீழே வரும் மற்றொரு குடும்பத்துக்கும் இது பொருந்தும்.)

அந்நாட்களில் நான் சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. கணவனையும் மனைவியையும் குருமனைக்கு அழைத்து மாதக்கணக்கில் பேசினேன். விவாகத்தின் பரிசுத்தத்தைப் பற்றிப் போதித்தேன். உபவாசித்து ஜெபித்தேன். சேர்ந்து வாழுங்கள் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் சேரப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது; அவர்களுடைய பெற்றோருக்கும் தெரிந்துவிட்டது; எனக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள மனமில்லை. நான் ஒரு திருமணத்தைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்த அந்த நீண்ட காலம் முழுவதும், பிள்ளை வெள்ளிக்கிழமை இரவு யாரிடம் இருப்பாள், பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவார், காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்லியனுப்புவது என்ற கேள்விகளை ஒருவரும் மேசைமேல் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவற்றைப் பேசினால் பிரிவை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். தகப்பனாருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தச் சபையில் இருந்த குடும்பம். அவர் ஒரு நாள் வந்து, தாம் ஒழுங்காக ஆலயத்துக்கு வருகிறவர், நற்குணமுள்ளவர் என்று சபையின் முத்திரைத் தாளில் ஒரு கடிதம் கேட்டார். வேலைக்காக இருக்கும் என்று எண்ணிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி எண்ணிக்கொள்வது எனக்கு வசதியாயிருந்தது. அந்தக் கடிதம் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் அவருடைய மனுவோடு இணைக்கப்பட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாய் அதற்குப் பிறகு என் கையிலிருந்து திருவிருந்து பெறவில்லை. போதகர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர் பார்த்துவிட்டார்.

ஆகவே இன்று நான் சொல்ல வருவது, பிறரைக் குறைகூறிச் சொல்வதல்ல. தம்பதியரைச் சேர்த்துவைக்க முயல்வது சபையின் கடமை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த முயற்சி தோற்ற இடத்தில் நம்முடைய கடமை முடிந்துவிடுவதில்லை. பிள்ளையைக் குறித்த கடமை அங்கேதான் தொடங்குகிறது. பிரிகிறவர்கள் பிள்ளையைக் குறித்தாவது சமாதானமாகப் பேசி ஓர் ஒழுங்குக்கு வர அவர்களை ஆற்றுப்படுத்துவதும், அதற்கென்று பயிற்சிபெற்ற சமரசர்களிடம் அவர்களை வழிநடத்துவதும் மேய்ப்பனின் வேலையே. அதைச் செய்ய நாம் கற்றுக்கொள்ளவில்லை.

ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப்பாருங்கள். ஆபிரகாமின் வீட்டில் ஒரு பிரிவு நடக்கிறது. அதில் யார் பக்கம் நியாயம் என்று வேதபண்டிதர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஆகாரும் அவள் மகனும் அதிகாலையில் அனுப்பப்படுகிறார்கள். மந்தைகளும் வேலைக்காரரும் மிகுந்த அந்தச் செல்வந்தர் தம் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பியது அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும் மட்டுமே. ஜீவனாம்ச வழக்குகளில் இன்றும் இதுபோன்ற கணக்கை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் தீர்ந்ததும் தாய் பிள்ளையை ஒரு செடியின்கீழ் விட்டுவிட்டு, அவன் சாவதைக் காணச் சகிக்காமல் அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள். வேதம் அழுததாகச் சொல்வது தாயை. ஆனால் தேவன் செவிகொடுத்ததாகச் சொல்வது பிள்ளையின் குரலுக்கு. அந்தப் பிள்ளை வாய்திறந்து என்ன சொன்னான் என்று ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. இஸ்மவேல் என்ற பெயருக்கே தேவன் கேட்கிறார் என்பதுதான் பொருள்.

பிரியும் வீட்டில் பெரியவர்களின் அழுகை பலமாகக் கேட்கும். தாய் அழுவார், தகப்பனார் பற்களைக் கடிப்பார், தாத்தா பாட்டிமார், தாய்மாமன், அத்தை என்று இருபுறமும் குரல்கள் எழும்பும். பிள்ளையின் குரலை அந்தச் சத்தத்தில் தனியே பிரித்துக் கேட்க ஒருவர் வேண்டும். ஆற்றுப்படுத்துநர், சமரசர் என்று நாம் இன்று அழைக்கிறவர்கள் முதலாவதாகச் செய்வது இந்த வேலையைத்தான்.

இவ்விஷயத்தில் நாட்டின் சட்டம் சபையைவிட முன்னே போயிருக்கிறது என்று சொல்ல எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் வழக்கறிஞன் அல்ல. என்றாலும் ஒவ்வொரு போதகரும் சபை மூப்பரும் அறிந்திருக்க வேண்டிய சில காரியங்கள் உண்டு. கிறிஸ்தவர்களின் விவாகரத்து 1869-ஆம் ஆண்டின் சட்டப்படி நடக்கிறது. 2001-இல் அது திருத்தப்பட்டு, இருவரும் மனமொத்துப் பிரியும் வழியும் சேர்க்கப்பட்டது. வழக்கு நடக்கும்போதே பிள்ளைகளின் பராமரிப்பு, படிப்பு, யாரிடம் வளர்வது என்பவற்றுக்கு இடைக்கால உத்தரவு கேட்க அதில் இடமுண்டு. பிள்ளையின் பராமரிப்புக்கும் படிப்புக்குமான மனுவை, எதிர்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து கூடியமட்டும் 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. பாதுகாவலர் காரியத்தில் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் நமக்குப் பொருந்தும். அது பிள்ளையின் நலத்தை முன்வைக்கிறது. விவரம் அறிந்து சொல்லக்கூடிய வயதுடைய பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது.

1984-ஆம் ஆண்டின் குடும்ப நல நீதிமன்றச் சட்டமோ, தீர்ப்புக்கு முன் இருதரப்பாரையும் உடன்பாட்டுக்குக் கொண்டுவர முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆலோசகர்களை நியமிக்கவும் அதில் வழியுண்டு. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் தொடங்கப்பட்ட சமரச மையம், நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் இந்தியாவிலேயே முதலாவது. இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் சமரச மையங்கள் இயங்குகின்றன. பெண்களும் பிள்ளைகளும் தங்கள் வருமானம் எவ்வளவாயினும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாக இலவச சட்ட உதவி பெறலாம். 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், பெற்றோர் பிரிந்தாலும் இருவருடைய அன்பையும் பெறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றும், நேரில் சந்திக்க இயலாதபோது காணொளி அழைப்பின் வழியாகவாவது பேச வழிசெய்ய வேண்டும் என்றும் சொல்லியது. இங்கே உரிமை பிள்ளையினுடையது என்பதைக் கவனியுங்கள். "என் பிள்ளையைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?" என்று குருமனைத் திண்ணையில் உரத்துக் கேட்கும் தகப்பனாருக்கும், "பெற்றவள் நான், கொடுக்க மாட்டேன்" என்று சொல்லும் தாயாருக்கும் இதைப் பொறுமையாக விளக்க வேண்டியிருக்கிறது.

ஆகார் அழுதுகொண்டிருந்தபோது தேவன் அவள் கண்களைத் திறந்தார்; அவள் ஒரு துரவைக் கண்டாள். துரவு முன்பே அங்கே இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

சமரசத்துக்குப் போவது எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. அதனாலேயே பயப்படுகிறார்கள். அண்மையில் ஒரு தம்பதியர் அந்த வழியே போனார்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது நீதிமன்றமே அவர்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. நான் வாசல்வரை மட்டுமே கூடப்போனேன். உள்ளே நடந்ததைப் பின்பு இருவரும் தனித்தனியே அவரவர் விருப்பப்படி என்னிடம் பகிர்ந்துகொண்டார்கள். சாட்சிக் கூண்டு கிடையாது. ஒரு மேசை, நான்கைந்து நாற்காலிகள். சமரசர் முதலில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, தாம் தீர்ப்பு வழங்குகிறவர் அல்ல என்றும், இங்கே பேசுவது வழக்கில் ஒருவருக்கு எதிராக மற்றவர் பயன்படுத்தக்கூடியது அல்ல என்றும், விருப்பமில்லையேல் எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோகலாம் என்றும் சொன்னார். பிறகு ஒவ்வொருவரோடும் தனியே பேசினார். முதல் இரண்டு அமர்வுகளும் பிள்ளையைப் பற்றியே அல்ல என்றார் அந்தத் தாய். நகையைப் பற்றி, மாமியார் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி, சீமந்தத்துக்கு வராத நாத்தனாரைப் பற்றி. சமரசர் தடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம். "இவ்வளவு நாளும் என்னை யாரும் பேசவிட்டதில்லை ஐயா, நீங்ககூட நடுவுல ஜெபம் பண்ணிருவீங்க" என்றார். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் அமர்வில் சமரசர் பையனின் ஒரு வாரத்தை நாள்வாரியாக எழுதச் சொன்னார். எத்தனை மணிக்கு எழுகிறான், பள்ளி வேன் எங்கே நிற்கும், டியூஷன் எந்தெந்த நாள், மூச்சிரைப்புக்கு மருந்து யார் கொடுக்கிறார்கள். தகப்பனாரால் பாதிக்குமேல் எழுத முடியவில்லை. அதை வைத்து யாரும் அவரைக் குத்திக்காட்டவில்லை. அவரே தலைகுனிந்து, "எனக்கு இதெல்லாம் தெரியணும்" என்றாராம். அங்கேதான் பேச்சு திரும்பியது.

கடைசியில் எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாட்டில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. பள்ளி நாட்களில் தாயோடு. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலை 10 மணி முதல் ஞாயிறு ஆராதனை முடியும்வரை தகப்பனோடு. மே மாத விடுமுறையில் பாதிப் பாதி. கிறிஸ்துமஸ் ஒரு வருடம் தாய் வீட்டில், புத்தாண்டு ஆராதனை தகப்பனோடு. மறு வருடம் மாற்றி. பள்ளிக் கட்டணம் தகப்பனாருடையது. மருத்துவச் செலவு இருவருக்கும் சரிபாதி. மருந்து எப்போதும் பையனின் பையிலேயே இருக்க வேண்டும். பணத்தைப் பற்றியோ வழக்கைப் பற்றியோ பிள்ளையின் வாய்வழியாகச் செய்தி அனுப்பக் கூடாது. ஒருவரைப் பற்றி மற்றவர் பிள்ளையின் காதுபட இழிவாகப் பேசக் கூடாது. இந்த உடன்பாடு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டு உத்தரவாயிற்று.

பிள்ளையை ஒப்படைக்கும் இடமாக இருவருமே ஆலய வளாகத்தைக் கேட்டார்கள். நான் உடனே சம்மதிக்கவில்லை. ஆலய முற்றத்தில் சண்டை வந்தால் சபையார் கூடிவிடுவார்களே என்ற தயக்கம். என் மனைவிதான், "சனிக்கிழமை நான் நூலக அறையைத் திறந்துவைக்கிறேன், ஞாயிறு ஆராதனை முடிந்தும் அங்கேயே வரட்டும், அந்தப் பிள்ளை அங்கே கதைப் புத்தகம் எடுக்க வருகிறமாதிரி இருக்கட்டும்" என்றார். அப்படியே நடக்கிறது. எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று எழுதினால் அது பொய்யாகும். கணக்கு நோட்டு அப்பா வீட்டில் தங்கிவிடுகிறது. ஒரு சனிக்கிழமை தகப்பனார் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார், தாய் அழைத்துக்கொண்டு போய்விட்டார். மீண்டும் நான் இருவரோடும் தொலைபேசியில் பேச வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பையன் ஆலய வாசலில் நின்று யாரையும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. இன்றைக்கு எந்த வாரம் என்று நாட்காட்டியைப் பார்த்து அவனுக்கே தெரிகிறது.

சாலொமோன் ராஜாவின் தீர்ப்பை இக்காரியத்தில் நாம் மேற்கோள் காட்டுவதுண்டு. ஒரு கூட்டத்தில் மூப்பர் ஒருவர், விட்டுக்கொடுக்கிறவளே மெய்யான தாய் என்று ஓர் இளம்பெண்ணிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அது அந்த வேதபாகத்தைத் தவறான இடத்தில் வைப்பதாகும். 1 இராஜாக்கள் 3-ஆம் அதிகாரத்தில் வந்த இருவரில் ஒருத்தி பொய் சொன்னாள். நம்முன் வரும் காரியத்தில் பொய்த் தாயும் இல்லை, பொய்த் தகப்பனும் இல்லை, இருவரும் மெய்யானவர்களே. அங்கே வாள் பொய்யை வெளிப்படுத்தியது. இங்கே வாளைக் கொண்டுவந்தால் பிள்ளை பிளக்கப்படுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. விட்டுக்கொடு என்ற அறிவுரை நம் சமுதாயத்தில் எப்போதும் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதையும் நாம் அறிவோம்.

1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தையும் இதேபோல் எடுக்கிறோம். விசுவாசிகள் நீதிமன்றம் போகலாகாது என்று பெண்களைத் தடுத்து, சபைக் குழுவில் பத்துப் பேர் முன்னிலையில் விசாரிக்கிறோம். பவுல் அங்கே வெட்கப்படுத்துவது வழக்காடியவர்களை மட்டுமல்ல. வழக்கைத் தீர்க்கத் தேறின ஒருவரையும் உருவாக்கிக்கொள்ளாத சபையையும்தான். விசாரணைக் கூட்டம் வேறு, சமரசம் வேறு. மத்தேயு 18-இல் ஆண்டவர் காட்டிய முறை தனியே போய்ப் பேசுவதில் தொடங்குகிறது. நாமோ கடைசிப் படியில் தொடங்கி, அந்த வாரமே ஜெபக் குறிப்பு என்ற பெயரில் தெருவெல்லாம் பரப்பிவிடுகிறோம். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: திருச்சபைத் தீர்ப்பாயம் அளிக்கும் விடுதலை நாட்டுச் சட்டத்தின்முன் திருமணத்தை முறிக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லிவிட்டது. சபைக் குழு எழுதிக்கொடுக்கும் பிள்ளை ஒப்பந்தத்தையும் நீதிமன்ற உத்தரவுபோல் நம்பிவிடக் கூடாது. அதை முறைப்படி நீதிமன்றத்தின்முன் கொண்டுபோவதே பிள்ளைக்குப் பாதுகாப்பு.

எல்லாக் குடும்பத்தையும் சமரச மேசைக்கு அழைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அடி வாங்கினவரையும் அடித்தவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து இருவரும் கொஞ்சம் இறங்கிவாருங்கள் என்பது சமரசம் ஆகாது. பயந்தவர் எதற்கும் கையெழுத்திடுவார். அப்படிப்பட்ட வீட்டில் முதலில் வேண்டியது பாதுகாப்பு. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. அதன்படி பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயின் பொறுப்பில் விடவும் நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரண்டையும் நம் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். மல்கியா 2:16-ஐ எடுத்து விவாகரத்தைக் கண்டித்துப் பிரசங்கிக்கும் என் உடன் ஊழியர்கள், அதே வசனம் கொடுமையையும் கண்டிக்கிறதை ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

போதகரிடம் சொன்னால் வெளியே போகாது என்று நம்பி வருகிறீர்கள். அந்த நம்பிக்கையைக் காப்பேன். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்திருக்கிறது என்று தெரியவந்தால் அதை நான் மறைத்துவைக்க மாட்டேன். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அதைத் தெரிவிக்க வேண்டியது கடமை. அதேவேளை, கணவரைப் பழிவாங்க அப்படியொரு குற்றச்சாட்டை இட்டுக்கட்டும்படி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது அந்தப் பிள்ளைக்கே செய்யும் தீங்கு என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

"ஐயா, நீங்களே இப்படி வழிகாட்டினால் பிரிவது எளிதாகிவிடாதா?" என்று என் மூப்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விவாகம் ஆயுள்காலத்துக்கானது என்பதே என் விசுவாசம். அதை நான் தளர்த்தவில்லை. சேரக்கூடியவர்கள் சேரும்படி இன்னும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறேன். ஆனால் பிள்ளையின் வாரத்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்ததால் ஒருவர் துணிந்து பிரிந்தார் என்று நான் கண்டதில்லை. பிரிகிறவர்கள் பிரிந்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள். பவுல் அப்போஸ்தலனும் 1 கொரிந்தியர் 7-இல் பிரியக்கூடாது என்று கட்டளையிட்ட அதே மூச்சில், பிரிந்துபோனவர்களையும் கணக்கில் எடுத்து எழுதுகிறார். அவிசுவாசியான துணையோடு வாழ்கிறவர்களுடைய பிள்ளைகளை அசுத்தமானவர்கள் என்று யாரும் எண்ணிவிடாதபடி ஒரு வார்த்தையும் வைக்கிறார். நம் சபைகளில் பெற்றோர் பிரிந்த பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வேடம் கொடுக்கத் தயங்குகிறோம், ஒத்திகைக்கு யார் அழைத்துவருவார்கள் என்று.

ஆகாரின் கதை துரவோடு முடிகிறதில்லை. நான்கு அதிகாரம் தள்ளி, ஆதியாகமம் 25-இல், ஆபிரகாம் மரிக்கிறார். அவரை மக்பேலா குகையில் அடக்கம்பண்ணினவர்கள் ஈசாக்கும் இஸ்மவேலும் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களுக்குள் யார் யாருக்குச் சொல்லியனுப்பினார்கள் என்பது எழுதப்படவில்லை. யாரோ ஒருவர் வழியைத் திறந்துவைத்திருக்க வேண்டும். பாடகர் குழுப் பெஞ்சில் உட்கார்ந்த அந்தச் சிறுமி இப்போது கல்லூரியில் படிக்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். அவளுடைய தாயாருக்குச் சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதினேன். அந்தச் சான்றுக் கடிதத்தைக் குறித்து மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை, வர வேண்டும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு நியாயமில்லை.

நம்முடைய சபைக் குழு சென்ற வாரம் கூடிச் சில காரியங்களைத் தீர்மானித்தது. பெற்றோருக்கிடையே பிள்ளையைக் குறித்த வழக்கு இருக்கும்போது, சபையின் பெயரால் ஒருதரப்பாருக்கு நற்சான்றுக் கடிதம் கொடுக்கப்படாது. ஞானஸ்நானச் சான்று போன்ற பதிவேட்டு நகல்களை இருவரில் யார் கேட்டாலும் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். இத்தகைய குடும்பக் காரியங்கள் இனி முழுக் குழுவின்முன் வராது. என்னிடமும், ஆற்றுப்படுத்தலில் முறையாகப் பயின்ற நம் சபைச் சகோதரியிடமும் மட்டுமே வரும். எங்களால் ஆகாததைச் சமரச மையத்துக்கோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ அனுப்புவோம். முதல்முறை போகத் தயங்குகிறவர்களோடு வாசல்வரை கூடவருவோம். ஓய்வுநாள் பள்ளிப் பதிவேட்டில் இதுவரை 'தகப்பனார் பெயர், தொலைபேசி எண்' என்று ஒரே கட்டம் இருந்தது. வருகிற ஞாயிறு முதல் தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஆசிரியை இரண்டு எண்ணுக்கும் அழைப்பார். வரும்போது இருவருடைய எண்ணையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.